அக்சிலியா அக்காவும் ஏறி இறங்கும் கோடுகளும்

உலகத்தில் எங்கே ஒரு கோடு ஏறினாலும், எங்கே ஒரு கோடு இறங்கினாலும், அது ஏன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் என் அக்கா அக்சிலியாதான். இமயமலை ஏன் அங்கே உயர்ந்து இங்கே தாழ்கிறது என்று கேளுங்கள், இமயமலையே வெட்கப்படும்படி பதில் வரும். ஐ.நா. சபைக்காரர்கள் இன்னும் நாமக்கல் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாதது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

இந்தத் திறமையால்தான் அவள் இங்கிலாந்து போக முடியாமல் இருந்தாள்.

அக்கா சேலத்தில் நர்சிங் படித்தவள். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் வேலை. ஊசி போடும்போது நோயாளியின் லாரி எந்த ஊர் போய் வந்தது என்று விசாரிப்பாள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். இங்கிலாந்து மருத்துவமனை ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாம் ஆயிற்று. எழுதுவதில் ஒன்பதுக்கு ஆறரை வேண்டும், இரண்டு முறையும் ஆறுதான் வந்தது. மூன்றாம் முறையும் விட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

எழுத்தில் முதல் கேள்வி ஒரு வரைபடம். அதைப் பார்த்து நூற்றைம்பது சொல்லில் விவரிக்க வேண்டும். பயிற்சி மையத்தில் அறிவுச்செல்வி மிஸ் ஒரு நாள் முட்டை விலைப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நாமக்கல்காரியிடம் கொடுக்கிற படமா அது? செப்டம்பரில் கோடு பொத்தென்று விழுந்திருந்தது. புரட்டாசி பிறந்தால் பாதி ஊர் முட்டையைத் தொடாது என்று அக்கா எழுதினாள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள் என்று எழுதினாள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆட்கள் கேக் சுட்டு விலையைக் காப்பாற்றுவார்கள் என்று முடித்தாள்.

அவளைக் கூட்டிவர நான் பைக்கில் போனபோது மிஸ் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க அக்சிலியா, இந்தப் படத்துல ஐயப்பன் எங்கீங்க இருக்கறாரு?”

“படத்துல இல்லீங்க மிஸ். ஆனா வெல எறங்குனதுக்கு அவருதானுங்களே காரணம்?”

“படத்துல இருக்கறத மட்டும் எழுதோணும். மொத்தமாப் பாத்தா என்ன தெரியுதுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் எது ஏறுச்சு, எது எறங்குச்சு, எது எதவிட அதிகம். ஏன்னு உங்கள யாருங்க கேட்டா?”

“வார்டுல காய்ச்சல் ஏறிருச்சுன்னு மட்டும் சொல்லிப்போட்டு நின்னா, டாக்டரு என்னைத் தொரத்திருவாருங்க.”

“அங்க தொரத்துவாங்க. இங்க மார்க்குப் போடுவாங்க.”

அக்காவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அப்பா ஞானதாஸ் முட்டை வேன் ஓட்டுகிறார். காலையில் முட்டை விலை வந்ததும் அதற்கான காரணமும் வந்தால்தான் எங்கள் வீட்டில் காபி தொண்டையில் இறங்கும். முட்டை இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் நடையைக் கட்டினால், அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் இந்த ஊர் நினைக்கும்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலை. கோடு போட மட்டும் நன்றாக வரும். அதனால் நானே படம் வரைந்து, லண்டன் கேள்வித்தாள் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் படத்தில் இரண்டு கோடுகள். ஒன்று, தெரசம்மாள் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த நாட்கள். இன்னொன்று, முறுக்கு டப்பாவில் இருந்த முறுக்கு.

“லண்டன்ல ஏதுடா தெரசம்மா சித்தி?”

“அங்கீம் ஒருத்தி இருப்பா. எழுதுக்கா.”

முதல் கோடு ஏறுகிறது, இரண்டாவது இறங்குகிறது என்று எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. மூடியைக் கடித்தாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

“சித்திதான் தின்னான்னு ஒரே ஒரு வரி எழுதிக்கறன்டா.”

“மார்க்குப் போயிரும்.”

அடுத்த படம், அப்பாவின் குறட்டையும் பக்கத்து வீட்டு டிவியின் சத்தமும். அதற்கடுத்தது, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நீளமும் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற ஆண்களும். சிரித்துச் சிரித்தே அவளுக்கு அது பழகிவிட்டது. மொத்தமாக ஒரு வரி, பெரிய ஏற்றம், பெரிய இறக்கம், சில்லறையை விட்டுவிடுவது. ஒரு நாள் காலையில் அப்பா முட்டை இறங்கிவிட்டது என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

“போன வாரத்தவிடக் கம்மி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தோசையைப் பிய்த்தாள்.

அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “என்ன சாமி பண்ணுது?”

தேர்வு கோயம்புத்தூரில். திரும்பி வந்தவளைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். “என்ன படம் வந்துச்சு?” என்று கேட்டேன்.

“தனியா இருக்கற வயசானவங்க. ஏதோ ஒரு நாட்டுல. வருசா வருசம் ஏறிக்கிட்டே போவுது.”

“காரணம் எழுதிப்போட்டியா?”

“கை துறுதுறுன்னுச்சுடா. புள்ளைங்க வெளிநாடு போயிட்டாங்கன்னு.” பைக்கில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். “படத்துல இல்ல. எழுதல.”

நான் பைக்கை உதைத்துக் கிளப்பினேன்.

எழுத்தில் ஏழு வந்தது. அப்பா தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. நல்லதாகப் போயிற்று, ஜன்னலோரக் கட்டில் இனி எனக்கு, பாத்ரூம் காலியாகக் கிடக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா தோசைக் கரண்டியோடு என் தட்டைப் பார்த்தாள்.

“டேய் சகாயம், ஒரு படத்த விவரிக்கட்டுமா?”

“விவரி.”

“மொத்தமாப் பாத்தா, டிக்கெட்டு வந்ததுல இருந்து சகாயராஜோட தோசை எறங்கிக்கிட்டே வருது. மொதல்ல ஆறு, இப்ப ரெண்டு. அதே சமயத்துல, மொட்டை மாடியில தனியாப் போயி நிக்கறது நல்லா ஏறிருக்குது.”

“வயிறு சரியில்லக்கா” என்றேன்.

“காரணம் நான் கேக்கவே இல்லியேடா” என்றாள்.