நாரைகளைப் போகவிடாத நெல்டா

எங்கள் ஊரில் ஐஸ் ஹாக்கி அணி நடத்திய ஹூஸ்டன்காரன் ஹார்க்ரோவைக் கவிழ்த்தது எது என்று கேட்டால் பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தெற்கத்தி வெயில் என்பான் ஒருவன். பனித்தளத்தை உறையவைக்கும் மின்சாரச் செலவு என்பான் இன்னொருவன். எங்கள் ஜனங்களுக்கு ஐஸ் ஹாக்கி பிடிபடவில்லை என்று எழுதிய மேதாவியும் உண்டு. எல்லாம் சுத்தப் பேத்தல். அவனைக் கவிழ்த்தது என் அண்ணி நெல்டா ஏபேர். எங்கள் பெல் ஷெனியரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள்.

அவள் ஹாக்கி மட்டையைத் தொட்டதுகூட இல்லை. பைத்தியம் என் அண்ணன் குளோவிஸுக்குத்தான். லூசியானாக் கடற்கரையில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் வெல்டிங் வேலை பார்த்த மனுஷன், பனியைக் கோப்பையில் போட்டுத்தான் பார்த்திருந்தான். மாடு பிடிக்கிற போட்டிக்காக ஊராட்சி கட்டிய அரங்கத்தில் ஒருநாள் மண்ணை வாரிவிட்டுப் பனியை உறையவைத்து, கனடாவிலிருந்து இருபது பையன்களை இறக்கி, 'பனி நாரைகள்' என்று பெயர் வைத்தான் ஹார்க்ரோவ். முதல் இரண்டு வருஷம் ஊரே அங்கேதான் கிடந்தது. அதற்கப்புறம் மவுசு குறைந்தது. வெள்ளிக்கிழமையானால் பள்ளிக்கூடக் கால்பந்து, மற்ற நாளில் இறால் படகு, சளைத்த நாளில் தூக்கம். ஹார்க்ரோவ் மளிகைக் கடைப் பைகளில் இலவச டிக்கெட்டைத் திணித்துப் பார்த்தான். பாதி அரங்கம் காலியாக இருக்கும்போதே 'நிறைந்த கூட்டத்துக்கு நன்றி' என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தான். யார் காதில் பூச்சுற்றுகிறான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

குளோவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ரசிகர் சங்கம் ஆரம்பித்தவன் அவன். சம்பளம் போதாத ஆட்டக்காரப் பையன்களை வீட்டில் தங்கவைத்து, சிங்கி இறால் உரிக்கக் கற்றுக்கொடுத்து, கொசுவுக்கு எதைப் பூசுவது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தான். கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து வந்த டெரல் ஹாவ்ரிலுக் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டான்.

அப்படிப்பட்டவன் அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டான். சவப்பெட்டியை நாரைகள் ஆறு பேர் அணிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தூக்கவேண்டும் என்பது அவன் எப்போதோ விளையாட்டாகச் சொன்ன ஆசை. அதை அண்ணி கேட்டாள். உடலை வைத்திருந்த கூடத்துக்கு ஹார்க்ரோவே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்க வருவாங்கம்மா, என் வாக்கு" என்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மறுநாள் காலை மாதா கோயிலில் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பாட்டுக்காரர்கள் பாடியதையே திரும்பப் பாடினார்கள். கடைசியில் கோயில் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. வழியில் ஒரு பெட்ரோல் கடையிலிருந்து டெரல் பேசினான். "மிஸ் நெல்டா, விடியக்காலைல எங்கள பஸ்ல ஏத்திட்டாங்க. மிசூரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வரலன்னா வேலை போயிடும்னாங்க" என்று அழுதிருக்கிறான். மிசூரியில் ஒரு ஊர் புது அரங்கம் கட்டி, வாடகையே வேண்டாம் என்று அணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பெரியமனிதர்களுக்கு நாரைகளைக் காட்டுவதற்கு ஹார்க்ரோவுக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

என் அண்ணனைக் கூலிக்கு வந்த ஆட்கள் தூக்கினார்கள். நான் ஒரு முனை பிடித்தேன். பின்னால் நடந்துவந்த அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த வாரமே வானொலியில் யாரோ இதைப் பற்றிக் கேட்டபோது ஹார்க்ரோவ், "சாவு வேற, வியாபாரம் வேற. தவளை புடிக்கிற ஊருக்கு ஹாக்கி குடுத்ததே என் தப்பு" என்றான். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

எட்டாம் நாள் அண்ணி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யூரிஸ், அவன் ஊர விட்டு ஓடணும்னுதானே துடிக்கிறான்?"

"ஆமா அண்ணி. ஆனா ஊராட்சியோட ஒப்பந்தம் இருக்குல்ல. இந்த சீசன்ல ஒரு ஆட்டத்துக்கு சராசரி மூவாயிரம் பேர் காசு குடுத்து வந்துட்டா, இன்னும் அஞ்சு வருஷம் அவன் இங்கயேதான் கிடக்கணும். வரலன்னா வசந்த காலத்தோட கிளம்பிடலாம்."

"அஞ்சு வருஷமும் அவனுக்கு நஷ்டமா?"

"அரங்கம் நிறைஞ்சாலே கரண்டுக்கும் வாடகைக்கும்தான் சரியாப் போகும். நிறையலன்னா சொத்த வித்துத்தான் நடத்தணும்."

அவள் வாணலியைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப அவன் போகக் கூடாது."

"அவன் இங்க இருந்தா நமக்கு என்ன அண்ணி லாபம்?"

"நமக்கு லாபமே வேணாம். அவனுக்கு நஷ்டம் வந்தாப் போதும்."

மறுநாளிலிருந்து அவள் பேருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் அதிகம் நின்றது. பிள்ளையை ஏற்றிவிட வருகிற தாயிடம், "சனிக்கிழம ஆட்டத்துக்கு எத்தன டிக்கெட் வாங்குற?" என்பாள். "பாக்குறேன் மிஸ் நெல்டா" என்று இழுத்தால், "பாரு, நானும் நிக்கிறேன்" என்று கதவைத் திறந்தே வைத்திருப்பாள். பின்னால் கார்கள் ஒலியெழுப்பும். பிள்ளைகளுக்கு நேரமாகும். அந்தத் தாய் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவருவாள். மேலதிகாரியிடம் புகார் போனது. மேலதிகாரியும் இரண்டு டிக்கெட் வாங்கினார். என் டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவன்கூட டிக்கெட் வாங்காமல் வண்டியை எடுக்க முடியாது. இப்படியும் ஒரு பிழைப்பா என்று நானே நொந்துகொண்டேன்.

கூட்டம் ஏறுவதைப் பார்த்ததும் ஹார்க்ரோவ் பியர் விலையை ஏற்றினான். குளிர்சாதனத்தைக் குறைத்தான். அதற்கும் நாங்கள் அசையவில்லை என்று தெரிந்ததும் ஒரு வேலை செய்தான். மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்களையெல்லாம் தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்கு மாற்றிவிட்டான். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில் வருகிற வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள். சாயங்காலமானால் கோயில் கூடத்தில் மீன் பொரிப்பார்கள், ஊர் மொத்தமும் அங்கே இருக்கும். அரங்கத்திலோ தொத்திறைச்சி ரொட்டியைத் தவிர வேறெதுவும் கிடையாது. இந்த விவரத்தை எவனோ உள்ளூர்த் துரோகிதான் அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

வேலை செய்யவும் செய்தது. மூன்று வெள்ளி அரங்கம் வெறிச்சோடியது. சராசரி சரிந்து, கடைசி ஆட்டத்துக்கு அரங்கம் முழுக்க நிறைந்தால்தான் உண்டு என்கிற நிலைமைக்கு வந்தது.

ஆனால் ஹார்க்ரோவ் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டான். நாங்கள் கோயில் கூடத்துக்குப் பக்தியால் போகிறோம் என்று நினைத்துவிட்டான். நாங்கள் போவது மீனுக்கு.

அண்ணி பாதிரியார் லெஜூனிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"கடைசி வெள்ளி மீனை அரங்கத்து வாசல்ல பொரிக்கணும் ஃபாதர். டிக்கெட்டக் காட்டுறவனுக்குத்தான் தட்டு."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "நெல்டா, இது பழிவாங்கவா?"

"ஆமா ஃபாதர்."

"தவக்காலத்துலயா?"

"அவன் காலம் பாத்தா செஞ்சான்?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த அடக்கப் பூசையை நடத்தியவரே அவர்தான். பாட்டுக்காரர்களைத் திரும்பத் திரும்பப் பாடச்சொன்னவரும் அவர்தான். "அரங்கத்து வாசல்ல காத்து அடிக்கும். அடுப்புக்கு மறைப்பு கொண்டாங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. கெளுத்தி பொரிகிற வாசனை நெடுஞ்சாலை வரை போனது. படகிலிருந்து நேராக வந்தவர்கள் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் சுழல்கதவு நிற்காமல் சுழன்றது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த ஊராட்சி ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எண்ணிக்கை தேறிவிட்டது. ஆட்டம் முடியவேண்டியது மட்டும்தான் பாக்கி. முடியாத ஆட்டம் கணக்கில் சேராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

இரண்டாம் பகுதி நடக்கும்போது அரங்கத்தின் பின்பக்கம் மாடுகளை ஓட்டிவரும் பெரிய இரும்புக் கதவுகள் கிறீச்சிட்டன. ஹார்க்ரோவின் ஆட்கள் இரண்டு பேர் அவற்றை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். "கூட்டத்துக்குப் புழுக்கமா இருக்காம். முதலாளி தெறக்கச் சொன்னாரு" என்றான் ஒருவன், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் மாதத்துக் கடற்காற்று ஈரத்துணி மாதிரி உள்ளே வந்தது. பனித்தளத்தின் மேல் பட்டதும் மூடுபனியாக எழுந்தது. முதலில் ஆட்டக்காரர்களின் முழங்கால் மறைந்தது, பிறகு இடுப்பு. ரப்பர் வட்டு எங்கே போகிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இது கலையாவிட்டால் ஆட்டத்தைக் கைவிடவேண்டியதுதான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மேலே முதலாளிகளின் கண்ணாடி அறையில் ஹார்க்ரோவ் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணி எழுந்தாள். வெளியே போய், மீன் மேஜைகளிலிருந்து விரிப்புகளை உருவிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கறையோடு ஒன்றை என் மேல் எறிந்தாள்.

"கதவ இழுத்துச் சாத்து. அப்புறம் வந்து விசிறு."

நானும் என் கடைப் பையன்களும் போய் அந்த இரண்டு பேரையும் நகர்த்திவிட்டுக் கதவை இறக்கினோம். எப்படி நகர்த்தினோம் என்பது இங்கே வேண்டாம். திரும்பி வந்தபோது இறால்காரர்கள் வெள்ளை பூட்ஸோடு பனித்தளத்தில் இறங்கியிருந்தார்கள். இரண்டிரண்டு பேராக விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, விசிறினார்கள். டெரலும் மற்ற பையன்களும் அவர்களைச் சுற்றி வட்டமாகச் சறுக்கினார்கள். எதிரணிக்காரர்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். மூடுபனி மெல்ல மெல்லப் பிய்ந்து கூரைக்குப் போனது. நடுவர் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்தார். ஊதினார்.

நாரைகள் தோற்றார்கள். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது.

ஹார்க்ரோவ் எங்கள் வரிசைக்கு இறங்கிவந்தான். முகம் வெளுத்திருந்தது. "உனக்கு என்னம்மா வேணும்? பணமா?"

"ஒண்ணும் வேணாம், மிஸ்டர் ஹார்க்ரோவ். நீங்க இங்கயே இருங்க. அது போதும்."

அதற்கப்புறம் அண்ணி செய்ததுதான் விஷயம். அடுத்த சீசனில் அவள் ஒரு டிக்கெட்கூட வாங்கவில்லை. பேருந்து வாசல்களில் நின்றது, ஆனால் இப்போது, "அந்தப் பக்கம் போனன்னு தெரிஞ்சா பாத்துக்க" என்றாள். இனிச் சராசரி சரிந்தாலும் ஹார்க்ரோவுக்கு எந்தப் பயனும் கிடையாது. ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்து அவனைக் கட்டிப்போட்டிருந்தது. ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் அவன் தினமும் பனியை உறையவைத்துக்கொண்டிருந்தான். நான் மனசு கேட்காமல் இரண்டு ஆட்டத்துக்குத் திருட்டுத்தனமாகப் போனேன். அவளுக்குத் தெரிந்துபோய் கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை.

டெரல் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டான். "எங்களுக்காகவாவது வரக்கூடாதா மிஸ் நெல்டா?"

"உனக்குச் சோறு போடுவேன். அவனுக்குக் காசு போட மாட்டேன்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நீங்க அவன மட்டும் அடிக்கிறதா நெனச்சிட்டிருக்கீங்க."

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் சொன்னது உண்மைதான், எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டாம் வருஷம் ஜனவரியில் ஹார்க்ரோவின் பணம் வற்றி, அணி பாதி சீசனில் கலைந்தது. பையன்கள் திசைக்கொருவராகப் போனார்கள். டெரலுக்கு வழிச்சாப்பாடு கட்டிக்கொடுத்து, அண்ணியே பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தாள். என் அண்ணன் உயிராக நினைத்த ஆட்டம் எங்கள் ஊரில் செத்துப்போனது. அவள் கையால்தான் செத்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

ஹார்க்ரோவின் கார் விற்பனை நிலையங்களும் பண்ணையும் ஏலத்துக்குப் போயின. அரங்கத்துச் சாமான்களும்தான். ஏலத்தன்று அவனே வந்து கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கவேண்டியிருந்தது. அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியாக அந்தக் கண்ணாடி அறையின் நீளமான தோல் சோபாவைக் கேட்டாள். வேறு யாரும் கேட்கவில்லை. அற்ப விலைக்குக் கிடைத்தது.

தூக்க ஆளில்லை. அண்ணி ஹார்க்ரோவைப் பார்த்தாள்.

"ஒரு முனைய நீங்க புடிங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஏலக்காரன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஹார்க்ரோவ் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தான். மறுமுனையை நான் பிடித்தேன். பாழாய்ப்போன சோபா, இரும்புச் சட்டம். படிக்கட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணி எங்களுக்கு முன்னால் நடந்தாள். அடக்கத்துக்குப் போகிறவர்கள் நடக்கிற நடை. அவளைத் தாண்டிப் போக வழியில்லை. எங்களுக்கும் அதே நடைதான்.

வெளியே வந்ததும், "உங்க வண்டி எதுங்க?" என்றான் மூச்சிரைக்க.

அவள் சுவரோரம் இருந்த பெரிய குப்பைத்தொட்டியைக் காட்டினாள். "அதுல போடுங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இருவருமாகத் தூக்கி உள்ளே தள்ளினோம். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இப்பவாவது மனசு ஆறுச்சா?"

"இல்ல," என்றாள் அண்ணி. "ஆனா நீங்க தூக்குனத நான் பாத்துட்டேன்."