தலைப்பு நகர்ந்தது, எண்கள் நகரவில்லை

முதலிபாளையம் தொழிற்பேட்டையை விட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். இப்படி நடப்பது எனக்குப் புதிதில்லை. பொள்ளாச்சியில் ஒரு ஓட்டலிலிருந்து நடந்திருக்கிறேன், சோமனூரில் ஒரு தறிக்கூடத்திலிருந்து நடந்திருக்கிறேன், ஒரு தடவை லாரியை விட்டு இறங்கிப் பாதி வழியில் நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஏன் போகிறேன் என்று தெரியும். சோறு சரியில்லை, படுக்க இடமில்லை, அல்லது சும்மா சலித்துவிட்டது.

இந்தத் தடவை தெரியவில்லை. கம்பெனியில் துணி தப்பாக வெட்டப்பட்டிருந்தது. தப்பு என்னுடையதா, கட்டிங் மாஸ்டருடையதா, கம்ப்யூட்டருடையதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலைக்குள் தெரியாவிட்டால் மாஸ்டரை கட்டிங் டேபிளிலிருந்து எடுத்து கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் போய்விட்டால் தப்பும் என்னோடு வந்துவிடும், மாஸ்டர் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் பையைத் தூக்கினேன். அப்படி நினைத்தது சரியா என்பதும் ரோட்டில் நடக்க நடக்கக் குழம்பியது.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். ஒரு பிரவுசிங் சென்டரில் கொஞ்ச காலம் இருந்ததில் டைப் அடிக்க வரும். அதை வைத்துத்தான் அந்த பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. முதலாளி இளவட்டம். தறிக்காரக் குடும்பம். அவர் அறையில் முருகன் படத்துக்கு நேர் கீழே பெரிய மானிட்டர் இருக்கும். போர்டில் சாக்பீஸால் எழுதி வேலை நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டிங் செக்‌ஷனில் ஒரு டிவியை மாட்டி, எந்த ஆர்டருக்கு எந்த சைஸில் எத்தனை பீஸ் வெட்டவேண்டும் என்பதை ஒரு வெப் பக்கத்தில் காட்ட ஏற்பாடு செய்தார்.

அந்தப் பக்கத்தைச் செய்தது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். முதல் நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

“அண்ணே, இந்த டேபிள் ரெடிமேடா கெடைக்குது. நாம கோடு போட வேண்டாம். ரெண்டு சாமான் குடுத்தாப் போதும். ஒண்ணு டேட்டா, இன்னொண்ணு ஆப்ஷன்.”

“டேட்டான்னா?”

“எண்ணுதான். ஒரு ஆர்டருக்கு ஒரு வரிசை. அது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து தானா வந்துரும், நீங்க தொடவே கூடாது. ஆப்ஷன்தான் உங்க வேலை. தலைப்பு என்ன, கட்டம் எம்புட்டு அகலம், எழுத்து எம்புட்டுப் பெருசு, எந்த வரிசைக்கு என்ன கலரு.”

“அப்ப நான் பெயிண்டர்.”

“பெயிண்டரேதான். செவத்தை இடிச்சிராதிய.”

எனக்கு இது எளிதாகப் பட்டது. துணி ஓரிடத்தில் நெய்து, சாயம் வேறோர் இடத்தில் ஏற்றுகிற ஊர்தானே இது. எண்கள் ஒரு பக்கமிருந்து வரட்டும், சாயத்தை நான் ஏற்றுகிறேன். கட்டிங் டேபிளில் நின்று பார்த்தால் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒன்று விட்டு ஒரு வரிசைக்கு இளநீலம் கொடுத்தேன். அவசர ஆர்டருக்கு மஞ்சள். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மாஸ்டர் மட்டும் டிவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஐம்பதைத் தாண்டியவர். எப்போதும் காதில் ஒரு பென்சில்.

“ஏனுங்க தம்பி, கலரெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கறீங்க. ஆனா எஸ்ஸு ஒரு கோடி, எக்ஸ்எல் ஒரு கோடின்னு கெடக்குதுங்க.”

“அப்படித்தானுங்களே வரிசை? எஸ், எம், எல், எக்ஸ்எல்.”

“கடையில அப்படி. இங்க அப்படி இல்லீங்க.”

டேபிளுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டைகளை வைத்துக் கோடு போடுவார்கள். பெரிய சைஸ் அட்டைகளுக்கு நடுவே விழும் சந்தில் சின்ன சைஸைச் செருகினால் துணி வீணாகாது. அதனால் அவருக்கு எஸ்ஸுக்குப் பக்கத்தில் எக்ஸ்எல், எம்முக்குப் பக்கத்தில் எல். போர்டில் இத்தனை காலமும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

“சோடி சோடியா இருந்தாத்தானுங்க கண்ணு போகும்,” என்றார்.

சின்ன வேலைதான். ஆப்ஷன் பைலைத் திறந்து தலைப்புகளை இடம் மாற்றினேன். எஸ், எக்ஸ்எல், எம், எல். டிவியில் உடனே மாறியது. மாஸ்டர் தலையாட்டினார். ஆள் நகர்ந்தால் அவன் நிழலும் நகர்வதுபோலத் தலைப்பு நகர்ந்தால் அதன் கீழிருக்கும் எண்களும் கூடவே போகும் என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்து வந்த ஆர்டரில் எம்மும் எல்லும் இரண்டு பங்கு, எஸ்ஸும் எக்ஸ்எல்லும் ஒரு பங்கு. டிவியில் எக்ஸ்எல் இரண்டு பங்காகவும் எல் ஒரு பங்காகவும் நின்றது. மாஸ்டர் அதைக் கவனிக்காமல் இல்லை.

“எக்ஸ்எல் இத்தனையா? வெள்ளக்காரன் பெருத்துட்டானாட்ட இருக்குதுங்க.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கட்டிங் மிஷின் துணிக்குள் இறங்கியது.

தைக்க அனுப்பும்போது ஆபீஸ் கணக்கோடு வெட்டிய பீஸ் கட்டுகள் ஒத்துப்போகவில்லை. முதலாளி எங்கள் மூன்று பேரையும் முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். கோபத்திலும் அவர் மரியாதை விடமாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

“சொல்லுங்க. யாரு தப்பு பண்ணுனீங்க?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. “டேட்டா சரியா வந்திருக்கு சார். தலைப்பிலயும் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இந்த டேபிள் பேரைப் பாக்காது, எடத்தைத்தான் பாக்கும். மொத எண்ணு மொதத் தலைப்புக்குக் கீழ, ரெண்டாவது எண்ணு ரெண்டாவதுக்குக் கீழ. அது சொன்னதைச் செஞ்சிருக்கு.”

“அப்ப இவருங்களா?” என்று முதலாளி என்னைக் காட்டினார்.

“அவரு டேட்டாவைத் தொடலை சார். தொடாதியன்னு சொன்னேன், தொடலை. எடத்தைப் பாக்கும்னு நான் சொல்லலை.”

“மாஸ்டருங்களா?”

“டிவில இருந்ததைத்தானுங்க வெட்டுனேன்,” என்றார் மாஸ்டர்.

எல்லாம் சரியாக இருந்தது, துணி மட்டும் தப்பாகக் கிடந்தது. நான் ஏதோ விளக்கப் போய் தலைப்பு, எண், நிழல் என்று உளறினேன். முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். வெட்டியது அவர் கை. காலை வரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மெயின் ரோடு வருவதற்குள் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. மாஸ்டர்தான். காதில் பென்சில் இல்லை.

“ஏனுங்க, இப்படிச் சொல்லாமப் போனா எப்படிங்க?”

“நான் போயிட்டா எம்மேல போட்டுட்டு உங்களை விட்டுருவாங்கன்னு நெனச்சேனுங்க.”

“எங்க விடுவாங்க? இருந்த ஒரு சாட்சியும் ஓடிப்போச்சுன்னு ஆகும். நான் எடத்தை மாத்தத்தானுங்க சொன்னேன், எண்ணை மாத்தச் சொல்லலைன்னு உங்களுக்குத்தானே தெரியும்? போன் போட்டுச் சொல்லீட்டுப் போங்க.”

“எனக்கே புரியலீங்க.”

“புரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க சாமி. என் வயசுல பாதி இருக்கறவர்கிட்ட நான் போய் அழ முடியுங்களா?”

ரோட்டோரம் நின்று முதலாளியைக் கூப்பிட்டேன். தலைப்பை மாற்றியது நான், மாஸ்டர் கேட்டு மாற்றினேன், எண்கள் கூட வரவில்லை, வராது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது, மாஸ்டர் டிவியில் இருந்ததைத்தான் வெட்டினார் என்றேன்.

 “சரிங்க. டிவி கெடக்கட்டும். காலைல போர்டுல எழுதி வெட்டச் சொல்லுங்க. மிச்சமான எக்ஸ்எல்லை எல் சைஸா வெட்ட முடியுமான்னு கேளுங்க,” என்றார் முதலாளி.

மாஸ்டருக்குக் கேட்டுவிட்டது. “பெருசைச் சின்னதாக்கலாமுங்க. கொஞ்சம் துணி போகும், அவ்வளவுதான்.”

“நீங்க வர்றீங்களா, இல்லீங்களா?” என்று முதலாளி கேட்டார்.

“நடக்க ஆரம்பிச்சிட்டேனுங்க,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மாஸ்டர் என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், “அப்ப எண்ணு ஏனுங்க கூடப் போகலை?” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

அன்று அவிநாசி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மறுநாள் காலை சேவூர் ரோட்டில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் ஹெல்பர் வேண்டும் என்று போர்டு தொங்கியது. உள்ளே போனேன், உடனே சேர்த்துக்கொண்டார்கள். என் இடப்பக்கம் சைஸ் லேபிள்கள் போட்ட டப்பாக்கள். வலப்பக்கம் வெட்டி வந்த பீஸ் கட்டுகள். தைக்கிற அக்காவிடம் ஒரு பீஸ், அதற்கு ஒரு லேபிள் என்று எடுத்துக் கொடுக்கவேண்டும்.

லேபிளையும் பீஸையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு பீஸையும் என் நெஞ்சில் வைத்து அளந்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

“ஏனுங்க, இதைப் போட்டுட்டுப் பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றது அக்கா, மிஷினை நிறுத்தாமல். “கட்டுலதான் சைஸ் எழுதியிருக்குதுங்களே?”

“ஆமாங்க, எழுதியிருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை நெஞ்சில் வைத்தேன்.