குச்சுக்குள் ஒரு யோ-யோ

யோ-யோ கீழே போனால் மேலே வரவேண்டும். அந்தப் பொம்மைக்கு இருக்கும் ஒரே விதி இதுதான். என்னுடைய யோ-யோவுக்கு மட்டும் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கீழே போனால் போனதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியவர்களைப் போல, திரும்பும் உத்தேசமே இல்லாமல் நூல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். குனிந்து எடுத்து, கையால் சுற்றி, மறுபடி விடுவேன். மறுபடி தொங்கும். தாராவியில் எங்கள் சந்துப் பையன்கள் எனக்குக் ‘கிணத்து வாளி’ என்று பெயர் வைத்தார்கள். வாளியாவது தண்ணியோட மேல வருமே என்று அக்கா திருத்தம் சொன்னாள்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்கு ஒன்பது. அவள் கையில் அந்தப் பொம்மை வேறு ஒரு பிராணியாக இருந்தது. கீழே இறங்கி, தரையைத் தொடாமல், ஒரு நொடி யோசித்துவிட்டு மேலே வரும். பக்கவாட்டில் பறந்து வரும். தோளுக்கு மேலே சுற்றிக்கொண்டு வரும். அவள் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது. அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி இருப்பாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஒரு கலர் சோடா கம்பெனிக்காரர்கள்தான் இந்தப் பைத்தியத்தைப் பம்பாயில் அவிழ்த்துவிட்டார்கள். பாட்டில் மூடி எட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு யோ-யோ. கலர் வாங்கிக் குடிக்கிற வசதி எங்கள் சந்தில் யாருக்கும் இல்லை. ஆனால் இரானி ஹோட்டல் வாசலில் மற்றவர்கள் குடித்துவிட்டுப் போட்ட மூடிகள் கிடந்தன. பொறுக்குவது என் இலாகா. எனக்கொன்று, அக்காவுக்கொன்று என்று இரண்டே நாளில் பதினாறு மூடி சேர்த்தேன். நான் திறமையாகச் செய்து முடித்த முதல் வேலை அது. கடைசி வேலையும் அதுதான் என்று என் வீட்டில் இன்றைக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

பிறகு போட்டி அறிவித்தார்கள். மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் மேடை போட்டு, சிவப்புக் கோட்டு அணிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பையன்களைத் தேர்ந்தெடுத்தார். பையன்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பாவாடை சட்டையோடு மேடையேறிய ஒரே ஆள் அக்கா. சிவப்புக் கோட்டுக்காரர் முதலில் சிரித்தார். அவள் ஆட்டி முடித்தபோது சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மஞ்சள் அட்டையை அவள் கையில் கொடுத்தார். இறுதிப் போட்டிக்கான அட்டை. நம்பர் பதினேழு. எங்கள் பக்கத்திலிருந்து அட்டை வாங்கியவர்கள் இரண்டே பேர். இன்னொருவன் பின் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ராவுத்தரின் மகன் காதர்.

அட்டையை அக்கா பூகோளப் புத்தகத்தில் இமயமலைக்கும் கங்கைக்கும் நடுவில் வைத்திருந்தாள். தினமும் எடுத்துப் பார்ப்பாள். என்னைத் தொடவிட மாட்டாள்.

இறுதிப் போட்டிக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால், சாயங்காலம் வீட்டு வாசலில் யோ-யோ ஆட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று உள்ளே போனாள். நூல் வளையம் விரலிலேயே இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது, பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களின் குரல்கள், பிறகு குலவை. அக்கா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்றார்கள். எட்டிப் பார்த்தேன். காலையில் இருந்த உயரம்தான் இருந்தாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, பெரிய மனுஷியான பெண்ணுக்குத் தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலையில் ஒரு குச்சு கட்ட வேண்டும். பதினாறு நாள் அவள் அந்தக் குடிசைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. இந்த விதியைச் செய்தவர்கள் தோப்பும் துரவும் உள்ள இடத்தில் இருந்துகொண்டு செய்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையை அவர்கள் பார்த்ததில்லை. செம்பூரில் இருந்த மாமா தேவ்நார் பக்கம் யாரையோ பிடித்து ஓலை வெட்டி வாங்கினார். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் ஓலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு செம்பூரிலிருந்து தாராவி வரைக்கும் நடந்தே வந்தார். வழியில் இரண்டு பேர் பந்தல்காரர் என்று நினைத்து அவருடைய விலாசம் கேட்டார்களாம். வேர்த்து விறுவிறுத்து வந்து, எங்கள் ஒரே அறையின் மூலையில், சமையல் மேடைக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் குச்சைக் கட்டி முடித்தார். அறையில் பாதி போய்விட்டது. அப்பாவும் நானும் படுக்கையை வாசலுக்கு மாற்றிக்கொண்டோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த நேரத்தில் பெண் உடுத்தியிருந்தது எல்லாம் துணி வெளுப்பவர்களுக்குப் போய்விட வேண்டும். ஊரில் அதற்கென்று உரிமைப்பட்டவர்கள் இருந்தார்கள். இங்கே எங்கள் சந்துக்குத் துணி வெளுத்தவர் ஒரு மராட்டிக்கார அம்மாள். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது அம்மாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அக்காவின் பாவாடை, சட்டை, ரிப்பன் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். விரலில் மாட்டியிருந்ததும் உடுத்தியிருந்ததில் சேர்த்தி என்று யாரோ ஒரு மதினி தீர்ப்புச் சொல்ல, யோ-யோவும் மூட்டைக்குள் போயிற்று.

மறுநாள் குச்சிலிருந்து முதல் குரல் எனக்குத்தான் வந்தது.

“ஏல, இங்க வா. கிட்ட வராத. அங்கனயே நில்லு. என் யோ-யோ எங்க?”

“தோபியம்மாட்ட குடுத்துட்டாங்க.”

ஓலைக்குள் குரல் தணிந்தது.

“போய் வாங்கிட்டு வால. அம்மாட்டச் சொல்லாத.”

போனேன். அந்த அம்மாளின் கைக்குழந்தை அக்காவின் யோ-யோவைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. என் ஹிந்தியில் விளக்கினேன். “அரே, துமி லோக் தேதா பீ ஹை, மாங்க்தா பீ ஹை” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கொடுப்பதும் நாங்களே, திருப்பிக் கேட்பதும் நாங்களே என்பது அவருடைய ஆச்சரியம். குழந்தை அழுதது. என்னுடைய யோ-யோவை அதன் கையில் வைத்துவிட்டு அக்காவுடையதை எடுத்துக்கொண்டேன். பெரிய தியாகம் என்று சொல்லமாட்டேன். இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் அது லாயக்கு.

குச்சுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. நூலைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே அக்கா பழகினாள். ஓலைக்குள்ளிருந்து ‘டக்’, ‘டக்’ என்று வரும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகப் பார்க்க வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார்கள்.

“கேட்டியளா மதினி? பல்லி சொல்லுது.”

“கெழக்க பாத்துல்லா சொல்லுது. நல்ல எடமா அமையும் பாரும்.”

அக்காவுக்கு நல்ல இடம் அமையும் என்று அந்த ஒரு வாரத்தில் குறைந்தது முப்பது தடவை பல்லி சொல்லியிருக்கும். எனக்கு அந்த முட்டைகள்தான் உறுத்தலாக இருந்தன. பெரிய மனுஷியாவது இவ்வளவு சௌகரியமான விஷயம் என்றால் எனக்கு எப்போது வரும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. குச்சில் அது பன்னிரண்டாம் நாள். சனிக்கிழமை மாமா வந்தபோது அக்கா உள்ளேயிருந்து கேட்டாள். பெரியவர்களிடம் அவளாக எதையும் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“மாமா, நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும். முக்காடு போட்டுக்கிட்டுப் போய்ட்டு வந்திருதேன். யார் மொகத்தையும் பாக்க மாட்டேன்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாசலைப் பார்த்தார்.

“அத்தன ஆம்பளையோ நிக்க எடத்துல மேடை ஏறி ஆடுவாளோ?” என்றாள் அம்மா. “ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கேப்பா? சொல்லுங்கண்ணே.”

மாமா நல்லவர். நல்லவர்கள் இம்மாதிரி நேரத்தில் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வருவார்கள். அவரும் குடித்துவிட்டு வந்தார்.

“சடங்கு முடியட்டும் தாயி. மாமா உனக்கு என்ன வேணாலும் வாங்கித் தாரேன்.”

அன்றைக்கு அதற்கப்புறம் பல்லி சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தபோது ஓலை இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அதில் யோ-யோ.

“பூகோளப் புத்தகத்துல அட்டை இருக்கு. எடுத்துக்க. நீ போய்ட்டு வால.”

“நானா? எனக்கு மேலயே வராதே.”

“வராட்டா போவுது. ஜெயிக்க வேண்டாம். பதினேழுன்னு கூப்பிடுவாங்க. நீ மேடைக்குப் போய் நின்னு, அக்காவுக்காக வந்திருக்கேன்னு சொல்லு. ஒரு தடவ கீழ விடு. அது போதும். வரலைன்னு எழுதிரக் கூடாது. அவ்வளவுதான்.”

ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவுக்கு நடந்தேன். ‘என் அக்காவுக்காக’ என்பதை வழி முழுக்க “மேரா தீதீ கே லியே” என்று ஹிந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அட்டையை முதன்முதலாகத் தொடுகிற பெருமையும் இருந்தது. மைதானத்தில் ஒலிபெருக்கி, கொடி, நான் அதுவரை பார்க்காத அளவு கூட்டம். முன் வரிசையில் எங்கள் சந்துப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் நகர்ந்து நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார்கள். பதினாறு முடிந்தது.

“நம்பர் செவன்டீன்!”

அட்டை என் கையில் இருந்தது. கை சட்டைப்பைக்குள் இருந்தது.

“செவன்டீன்! வோ லட்கீ கிதர் ஹை?”

அந்தப் பெண் எங்கே என்று சிவப்புக் கோட்டுக்காரரே எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். அவர் பார்வை என் தலைக்கு மேல் போயிற்று. மேடை இருபது அடி தூரம். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். முன் வரிசையில் எவனோ எதற்கோ சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்திருக்க முடியாது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அது இன்றைக்குத் தெரிகிறது.

மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்கள். பிறகு மேசையில் இருந்தவர், வரவில்லை என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். “செவன்டீன் நஹீ ஆயா. நெக்ஸ்ட்.”

மீதிப் போட்டியை நான் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் நின்று ரயில்களை எண்ணினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். குச்சு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

“என்னல, கூப்பிட்டாங்களா?”

“இன்னைக்கு நடக்கல.”

“ஏன்?”

“மைக் ரிப்பேர். கம்பெனி லாரியும் வரல. செவப்புக் கோட்டுக்காரருக்குக் காய்ச்சல்.”

பொய் சொல்லித் தேர்ந்தவன் ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்வான். நான் அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமதானாம்” என்று சேர்த்துக்கொண்டேன். “அதுக்குள்ள நீ வெளிய வந்திருவல்லா.”

“சரி” என்றாள் அக்கா. யோ-யோவைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்போதுதான் சந்து முனையில் மேளம் கேட்டது. டிரம்மும் கிளாரினெட்டுமாக ஒரு பேண்டு. கூடவே பையன்களின் கூச்சல். “காதர்! காதர்! சாம்பியன்! சாம்பியன்!” சத்தம் நெருங்கி நெருங்கி எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். காதர் யாருடைய தோளிலோ உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் வெள்ளிக் கப்பு, இன்னொரு கையில் யோ-யோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அம்மா ஒரு தட்டு நிறையப் பேடா வைத்துக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

அறை முழுக்க அந்தச் சத்தம். குச்சுக்கு இருந்தது ஓலைச் சுவர். அதைத் தாண்டி எந்தச் சத்தம்தான் போகாது?

“ஏல” என்றாள் அக்கா.

கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன்.

“யாருக்கோ கல்யாணம் போலருக்கு.”

விழுந்தடித்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டேன். “ஆமாக்கா. கல்யாணந்தான். மாப்பிள்ள ஊர்வலம்.”

“போய்ப் பாத்துட்டு வாயாம்ல. இனிப்பு குடுப்பாவ. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.”

ஓடினேன். காதரின் அம்மா என் கையில் இரண்டு பேடா வைத்தார். “அக்காட்டக் குடு ராஜா. அவ மட்டும் வந்திருந்தா இவன் கைக்குக் கப்பு ஏது?” என்றார். அந்தச் செய்தியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

ஓலை இடுக்கில் ஒரு பேடாவை நீட்டினேன். விரல்கள் வந்து வாங்கிக்கொண்டன.

“மாப்பிள்ள எப்படில இருந்தாரு?”

“குதிரை மேல வந்தாரு. சரிகைத் தலைப்பா. இவ்வளவு பெரிய மீசை.”

“வயசு?”

“அப்பா வயசு இருக்கும்.”

“பொண்ணு?”

பெண்ணை நான் யோசித்திருக்கவில்லை.

“பொண்ணப் பாக்கல. உள்ள எங்கயோ உக்கார வச்சு மூடி வச்சிருந்தாங்க.”

உள்ளே ஒரு சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வருகிற சத்தம். ஓலை லேசாகக் குலுங்கிற்று. அக்கா சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நம்பிவிட்டாள் என்ற நிம்மதியில் என் பங்குப் பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன். அதில் ஏலக்காய் நிறைய இருந்தது.