மச்சானின் ரேடியோ அறை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊட்டிக்குப் போயிருந்தேன். தங்கவைத்த காட்டேஜில் சட்டையை மாட்டலாம் என்று அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருக்கிறது. கூடத் தங்கியவர் சென்னைக்காரர். யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று சுவிட்சைத் தேடினார். மறதி இல்லை சார், ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மலையில் செய்கிற ஏற்பாடு என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. ஆனால் சூடேறிய தூசியும் பழைய மரமும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்குக் கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை.

அது மச்சானுடைய அறையின் வாசனை. மச்சான் என்றால் என் அக்கா புருஷன். ஊட்டிக்கு அடுத்த லவ்டேல் ஸ்டேஷனுக்குக் கீழே சரிவில் மூன்று அறை வீடு. அதில் ஒன்று முழுக்க அவருடைய ரேடியோக்களுக்கு. ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம் அது. அவர்களோடு தங்கியிருந்த நானும் அக்காவின் பிள்ளைகள் இரண்டும் கூடத்தில் குளிரில் சுருண்டு கிடப்போம்; ரேடியோப் பெட்டிகள் அலமாரியில் பல்ப் சூட்டில் சுகமாக இருக்கும். "இந்த ஊட்டுல சளி புடிக்காத ஜீவன் அந்தப் பொட்டிக மட்டுந்தான்" என்பாள் அக்கா.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்களின் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய சுழல் நாற்காலி, ஒரு பக்கம் சாய்ந்தபடியே சுழலும். நாடுகளின் பெயரெல்லாம் மாறிப்போன ஒரு பூமி உருண்டை. ரேடியோ முள்ளை மயிரிழையாக நகர்த்த, நூல்கண்டுக் கட்டையில் அவரே செய்த ஒரு திருகு. அடுத்தடுத்து இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் நேரம், மற்றது ஐந்தரை மணி பின்னால் ஓடும் லண்டன் நேரம். ஜன்னல் வழியாகக் கற்பூர மரத்துக்குப் போன செம்புக் கம்பிதான் ஏரியல். அதில் அக்கா ஒருமுறை பிள்ளைகளின் ஸ்வெட்டரைக் காயப்போட்டாள் என்று மச்சான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சுவர் நிறைய, தூர தேசத்து வானொலி நிலையங்கள் அனுப்பிய வண்ண அட்டைகள்.

அட்டை சும்மா வராது. நிகழ்ச்சியைக் கேட்டு, எப்படிக் கேட்டது என்று மார்க் போட்டு அந்த நிலையத்துக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒலி பலமா, பக்கத்து நிலையம் குறுக்கே வந்ததா, இரைச்சல் எவ்வளவு, அலை ஏறி இறங்கியதா, மொத்தத்தில் எப்படி. ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். அவற்றை வரிசையாகச் சேர்த்து 43433 என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். விடிகாலையில் கம்பளிக்குள் உட்கார்ந்து நாங்கள் இருவரும் மார்க் போடுவோம். "மாப்ள, இரைச்சலுக்கு மூணு குடுக்கலாமா?" என்று என்னைக் கேட்பார். கணக்கில் மார்க்கே பார்த்திராத நான் உலகத்துக்கெல்லாம் மார்க் போட்டேன்.

மச்சானுக்குப் பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். என் பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. ஆமாம், என்னையும் டைப்பிஸ்டாக அங்கே நுழைத்துவிட்டவர் அவர்தான். இரண்டு வருஷம் பெயர் கெடாமல் இருந்தால் நிரந்தரம். மச்சான் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால், அவருடைய ரிப்போர்ட்டுகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் நான் அடித்துக் கொடுப்பேன். தின்கிற சோற்றுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒரு நாள் கார்பன் தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சூப்பரின்டெண்ட் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருக்கிறார். வெளிநாட்டு விலாசம், நேரக் குறிப்பு, வரிசையாக ஐந்தைந்து எண்கள், கீழே மச்சான் பெயர். ரகசியச் செய்திகளை அப்படித்தான் ஐந்தைந்து எண்ணாக அனுப்புவார்கள் என்பது எங்கள் ஆபீஸில் பியூனுக்குக்கூடத் தெரியும். வேறு எந்த ஆபீஸாக இருந்திருந்தாலும் அந்தத் தாளைக் கசக்கி எறிந்திருப்பார்கள்.

பெரிய அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"யாருய்யா இதை டைப் அடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "நானுங்க சார்" என்றார். அவருக்கு டைப் மெஷினில் தாளைச் செருகக்கூடத் தெரியாது.

"இந்த நம்பரெல்லாம் என்ன?"

"ரேடியோ எப்படிக் கேட்டுச்சுன்னு மார்க்குங்க சார்."

"ரேடியோவுக்கு யாருய்யா மார்க் போடுவா?" அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ அதே வீட்டுலதான இருக்க. ஒவ்வொரு நம்பரும் எதுக்கு மார்க்னு நீ சொல்லு, அப்புறம் இவர்கிட்டயும் கேக்கறேன். ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போனா இதோட விட்டுடறேன்."

எனக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் வேலை நிரந்தரம் ஆவதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. சொன்னால் நானும் கூட்டு என்று ஆகிவிடும் என்று பயந்தேன்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரணைக்கு ஜீப்பில் வந்தவர்கள் ரேடியோ அறையைக் காலி செய்தார்கள். நோட்டு, அட்டைகள், ரேடியோ, கடைசியில் லண்டன் கடிகாரம் வரைக்கும். எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் வடக்கே எங்கோ ஒரு வெயில் ஊருக்கு மாற்றல், பதவி உயர்வும் நின்றது. லவ்டேல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "உடு மாப்ள, உன்ற வேலையாச்சும் பொழச்சுச்சே" என்றார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, நிம்மதியாகத்தான் இருந்தது.

போன ஊரில் அவர் ரேடியோவைத் தொடவே இல்லை. எடுத்துப்போன சாமான்கள் எவையும் திரும்பவில்லை. அட்டை அனுப்பிய நிலையங்கள் பலவும் ஒலிபரப்பை மூடிவிட்டன. மச்சானும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

அக்கா இப்போது கோயமுத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் போகிறபோதெல்லாம் எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே பேரப் பிள்ளைகளிடம் சொல்வாள்: "உங்க தாத்தனுக்காக அன்னைக்கு ஆபீஸ்ல பேசுனது இவன் ஒருத்தன்தான் சாமி. தாத்தனே எங்கிட்டச் சொன்னாரு."

மச்சான் அவளிடம் சொல்லிவைத்துவிட்டுப் போன பொய் அது. அது பொய் என்று தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். இன்றுவரை நான் அவளிடம் மறுத்துச் சொன்னதில்லை.