பெயரில்லாப் பொத்தான்கள்

அவர் இயர்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வார். அதிலிருந்து கசியும் இயந்திரக் குரல், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில், கணினிக் கோப்பின் வரிகளை வாசித்துக்கொண்டே போகும். கிள்ளானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாள், அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பக்கத்து மேசை அண்ணனுக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு உறைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமியூட்டர் ரயிலில் வருவார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்து சேரும். கோப்பி ஆறியிருந்தால் சண்டை பிடிப்பார். தன் வேலையில் யாரும் குறை காண முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை மறைக்கவும் மாட்டார்.

எந்த அச்சு இயந்திரம் எந்தக் கிளைக்கு, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் அப்போது எங்கள் சர்வர்களில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருந்தன. கையால் தட்டித்தான் மாற்றுவோம். நான் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் மேரு என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கில் ஒரு டெலிவரி சீட்டும் அச்சாகாது. அதனால் மேனேஜர் புதிய மென்பொருள் கருவி ஒன்றை வாங்கியபோது எனக்குப் பெரிய நிம்மதி. திரையில் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், கோப்பைக் கருவியே எழுதிக்கொள்ளும். தவறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும்.

அண்ணன் அதைத் திறந்தார். “பட்டன், பட்டன், பட்டன்” என்றது குரல். எது எதற்கான பட்டன் என்று குரல் வாசிக்கும்படி அதைச் செய்தவர்கள் பெயர் கொடுத்திருக்கவில்லை. அவர் பழையபடி கோப்பிலேயே தன் மாற்றங்களைச் செய்தார். மறுநாள் வேறொருவர் கருவியில் எதையோ அழுத்த, அது கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிட்டது. அண்ணன் எழுதியவை அழிந்தன. மேருவில் லோரிகள் சீட்டுக்காகக் காத்து நின்றன.

மேனேஜர் எங்கள் மேசைக்கே வந்தார். “இனிமே யாரும் கையால எடிட் பண்ண வேணாம். உங்களுக்குச் சிரமம்னா போன் எடுக்குற வேலைக்கு மாத்திடுறேன் அண்ணே. சம்பளம் குறையாது லா.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அண்ணனை அந்த அன்புதான் சுட்டது. “நான் போன் எடுக்க வரல பாஸ். இந்த டூல் கடைசியில என்ன செய்யுது? ஒரு ஃபைல எழுதுது. எனக்கும் அதை எழுதத் தெரியும். ரெண்டும் மோதாம இருக்க வழி இருக்கும். இந்த வாரம் மட்டும் டைம் குடுங்க.”

அந்த வாரம் முழுவதும் கருவியின் கையேட்டைக் காதால் படித்தார். இடையிடையே என்னை அழைத்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தினால் திரையில் என்ன மாறுகிறது என்று கேட்பார். கருவி தொடாமல் விட்டுவைக்கும் தனிக் கோப்புறை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். கையால் எழுதியதை அங்கே வைத்தால் அதையும் அது சேர்த்துக்கொள்ளும். தவறு பார்க்கும் வசதியைப் பொத்தான் இல்லாமல் ஒரு கட்டளையாகவும் தட்டலாம். மேனேஜர் பார்க்க, தன் வரிகளை அங்கே எழுதிச் சோதித்துவிட்டு, “இப்ப அழுத்து தங்கச்சி. நல்லா அழுத்து” என்றார். நானும் பார்த்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். அவருடைய ஒரு வரிகூட அழியவில்லை.

“சரிண்ணே,” என்றார் மேனேஜர். “போனை வேற யாராச்சும் எடுக்கட்டும்.”

அத்தோடு அண்ணன் விடவில்லை. கருவியைச் செய்தவர்களுக்கு விடாமல் எழுதினார். அடுத்த பதிப்பில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. மீதிப் பாதிக்காக அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

இன்று அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவர் பக்கத்து மேசையில இருந்தவ நான்” என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வேன். கோலாலம்பூரில் வேறொரு நிறுவனத்தில் இப்போது கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. விற்க வருகிறவர்கள் வண்ண வண்ணமாகக் காட்டுவார்கள். முடிக்கும்வரை பொறுமையாகப் பார்ப்பேன். பிறகு எழுந்துபோய்த் திரையை அணைத்துவிட்டு, “இப்ப செஞ்சு காட்டுங்க” என்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் காத்திருப்பேன்.