இரும்புத் தகட்டுக்கு வெளியே போனவர்

இதை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு பயம் வந்து எழுந்துவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தேன். ஏதாவது தப்பாக எழுதி அவருக்கு இன்னொரு கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடுவேனோ என்று இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். இன்று அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் புல்டோசர் ஓட்டினார். எண்பதுகளின் கடைசியில் அவரை அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பினார்கள். நான் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு அம்மனிடம், "அவரை உயிரோடு திருப்பிக் கொடு தாயே, ஆடித் தேருக்கு அவர் கையாலேயே வடம் பிடிக்க வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தார். வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும்தான் மிச்சம்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்த வண்டி அது. குண்டு துளைக்காது. பின்னால் வின்ச், அதாவது கம்பிக் கயிறு சுற்றிய உருளை. கண்ணிவெடியில் லாரி கவிழ்ந்து கிடந்தால் புல்டோசர் தள்ளி நிற்கும். ஒருவர் இறங்கி, கயிற்றின் கொக்கியை இழுத்துக்கொண்டு வெட்டவெளியில் நடந்துபோய் லாரியில் மாட்ட வேண்டும். இவர் ஓட்டப் பழகியவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இவரையே இறக்கினார்கள். "நீ தமிழ் ஆளு, உன்னைச் சுட மாட்டான்" என்று சிரிப்பார்களாம்.

ஒருநாள் அப்படிக் கொக்கியோடு போனபோது, பனைமரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த இயக்கக்காரர் ஒருவரின் குரல்.

"தம்பி, எந்த ஊர்?"

"தாம்பரம் பக்கம்ண்ணா. வண்டிய மட்டும் இழுத்துகினு போய்டுறோம்."

"தாம்பரமோ? அங்க எங்கட சனம் கனபேர் இருக்கினம். கெதியா எடுத்துக்கொண்டு போ."

சீக்கிரம் போ என்று அந்த ஆள் விட்டாலும், முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நடந்ததுதான் கஷ்டம் என்பார்.

கடைசியில் கையைத் தின்றது துப்பாக்கி இல்லை. அதிகாரி அவசரப்படுத்தினார், புல்டோசருக்குள் இருந்தவர் வெடுக்கென்று இழுத்தார், கம்பிக் கயிறு அறுந்து சாட்டை மாதிரி வந்து அடித்தது. உள்ளே இருந்தவருக்கு ஒரு கீறலும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே வண்டி வீடுகளையும் இடித்தது. மறைந்திருந்து சுட இடம் கொடுக்கிறது என்று பாதையோரத்து வீடுகளை இடித்தார்கள். குடியிருந்தவர்களை வெளியே கூப்பிட அனுப்பியதும் இவரைத்தான். "எல்லாரும் வெளிய வந்துடுங்கம்மா" என்பாராம். ஒரு அம்மா, "இதைச் சொல்லவோ தம்பி தமிழ் படிச்சனீ?" என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆடி வந்தது. குளித்து, திருநீறு பூசி, என்னோடு தேரடிக்கு வந்தார். வடத்தைத் தொட்டதும் விழாக் கமிட்டித் தலைவர் வந்துவிட்டார். விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றவர் அவர்.

"இன்னா சார், வடத்துல கை வெக்கிற?"

"வேண்டுதல்ண்ணா."

"அங்க நம்ம ஜனங்க வூட்ட இடிச்சிட்டு வந்து, இங்க அம்மன இழுக்கறியா? பேஜாராயிடும். தள்ளி நில்லு."

"அரைக் கைய வெச்சுகினு இன்னாத்த இழுக்கப் போறாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு இடிக்கலண்ணா! கொக்கி மாட்டத்தான் போனாரு!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சும்மா இரு. நான்தானே அவங்கள வெளிய கூப்ட்டேன்" என்று சொல்லி வடத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தேர் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் மேளச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். தொண்ணூறுகள் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வேண்டுதல் அப்படியே நிற்கிறது. அம்மன் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதை அவள் திருப்பிக் கொடுத்தாள். அதை ஏற்றுக்கொள்ளாதது இந்தத் தெரு.

படிக்கிறவர்கள் இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் கொக்கியோடு தனியாக வெளியே நடந்ததை விட்டுவிடாதீர்கள். அந்த அம்மா கேட்ட கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது அவர் இல்லை.