காட்டாதே என்று சொல்லி வைத்த படம்

எங்கள் பனியன் யூனிட்டை விற்றபோது தையல் மெஷின்களோடு கம்ப்யூட்டரும் போயிற்று. கம்ப்யூட்டரோடு நானும் போனேன். வாங்கியவர் பழகிய மனிதர். "ஏனுங்ணா, ஊட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? நம்மகிட்ட வந்து ஆர்டரைப் பாருங்க" என்றார். அதே மேஜை, அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர். உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் முதலாளியிலிருந்து சம்பளக்காரன் ஆகியிருந்தான்.

கம்ப்யூட்டர் திரையில் பின்னணியாக ஒரு படம் வைத்திருந்தேன். யூனிட் தொடங்கிய வருடத்து ஆயுத பூஜை. வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் பூ. இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் நான், திருப்பூரையே விலை பேசப் போகிறவன் மாதிரி ஒரு சிரிப்போடு. படம் எடுத்த போன் எப்போதோ செத்துப்போனது. இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர அந்தப் படம் வேறெங்கும் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் ஐகான்கள் இருக்கின்றன, பின்னால் படம் இல்லை. வெறும் கருப்பு. நல்ல கருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். என் சாயப்பட்டறைக்காரர் ஒரு தடவையாவது துணிக்கு இப்படிக் கருப்பு கொடுத்திருந்தால் அன்றைக்கே ஆர்டர் கொடுத்தவரிடம் அப்ரூவல் வாங்கியிருப்பேன்.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். நூல் சிக்கிய மெஷின் என்றால் அதற்குக் கேட்கும், இது கேட்கவில்லை. படத்தை எந்த ஃபோல்டரில் போட்டேன் என்பதும் நினைவில்லை. ஒருவேளை போயே போய்விட்டதோ என்று தோன்றியது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யூனிட்டை விற்ற அன்றும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பசியில்லாமலேயே ரெண்டு பரோட்டா தின்றேன்.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணுங்களா?" என்று கேட்டேன்.

"அட, இருங்க அண்ணாச்சி. எதுக்கு இப்படிப் பதறுதீய?"

"பதறத்தானுங்க பாக்கறேன். வரமாட்டேங்குது."

அவர் சிரித்துக்கொண்டே நாலு இடத்தில் அமுக்கினார். "படம் பத்திரமா இருக்கு. காட்டாதன்னு யாரோ சொல்லி வச்சிருக்காவ. இந்தா பாருங்க, செட்டிங்ஸ்ல கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கான பக்கத்துல ஒரு சுவிட்ச். இதை அணைச்சா பின்னால படம் வராது."

"நான் அந்தப் பக்கமே போனதில்லீங்க."

கதவோரம் நின்றிருந்த புது முதலாளி தொண்டையைச் செருமினார். "நாந்தானுங்ணா அணைச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்க வந்தேனுங்க. அப்பத்தான் மெஷினுக்கெல்லாம் வெச்சுட்டு வர்றேன். இங்க பாத்தா அதே மெஷினு, அதே பூவு, கூட நீங்க நிக்கறீங்க. மனசு கேக்கலீங்க. புள்ளைகிட்ட போன்ல கேட்டு அணைச்சுப்போட்டேன். நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெனமும் பயந்துட்டே இருந்தேன். நீங்க கேக்கவே இல்லீங்களே."

திரையின் மேல் விளிம்பில் அவர் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தினமும் பார்த்தேன். அதற்குக் கீழே என் படம் இல்லாததை, ஆயுத பூஜை போய் தீபாவளியும் போன பிறகுதான் பார்த்திருக்கிறேன்.

"கண்ணு தெரியாதவங்க பக்கம்னா எனக்குப் பொருத்தமாத்தானுங்க இருக்குது" என்றேன். சர்வீஸ்காரர் மட்டும் சிரித்தார்.

சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த அதே மெஷின்கள், இங்கே பூ வைத்துக்கொண்டு சும்மா நின்றன. ஓரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. சிரிப்பு தெரியவில்லை. குப்பைத்தொட்டி ஐகான் சரியாக என் முகத்தின் மேல் இருந்தது.

"மறுக்கா அணைச்சுப்போடட்டுங்களா?" என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க."

அவர்கள் போன பிறகு குப்பைத்தொட்டியை இழுத்து நகர்த்தினேன். விட்டதும் அது திரும்ப வந்து என் மூஞ்சியில் உட்கார்ந்தது. இன்னொரு முறை இழுத்தேன். மறுபடியும் வந்தது. இதற்கும் ஒரு சுவிட்ச் எங்காவது இருக்கும். சர்வீஸ்காரர் இன்னும் வாசல்கூடத் தாண்டியிருக்க மாட்டார், கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஆர்டர் கணக்கைப் பார்க்க எக்செல்லைத் திறந்தேன்.